முழுகாமல் இருக்கும் சகோதரிக்கு...



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று பருத்தித்துறையிலிருந்து வந்தது. கணவர் அங்கே கடை வைத்திருந்து, இப்போது கட்டாருக்குப் போயிருக்கிறாராம். சகோதரிக்கு ஏழாம் மாதம். "ராத்தா, கிளினிக்கில் எனக்குப் பிறெசர் கூட என்று குளிசை தந்திருக்கிறார்கள். மாமி, வயிற்றில் பிள்ளை இருந்தால் எல்லாருக்கும் தலையிடிக்கும், கால் வீங்கும், குளிசையைக் குடித்துப் பிள்ளையைக் கெடுத்துப் போடாதே என்கிறா. நோன்பும் வருகிறது. நான் என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறார். ஊர், பெயர் போட வேண்டாம் என்று அடியில் எழுதியிருந்ததால் ஊரை மட்டும் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஊர் முக்கியம், ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அவசரமான பதில். சகோதரியே, குளிசையை நிறுத்தாதீர்கள். பிறெசர் கூடிய கர்ப்பிணிக்குத் தலையிடி வந்தால், கண் மங்கினால், கண் முன் பூச்சி பறப்பதுபோல் தெரிந்தால், மேல்வயிறு நொந்தால், முகமும் கைவிரல்களும் வீங்கினால், அடுத்த கிளினிக் தேதியை எண்ணிக்கொண்டு இருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த நேரமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரவானாலும் சரிதான். இதை முற்றவிட்டால் வலிப்பு வரும். வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒருசேர ஆபத்து. மாமி சொன்னது முழுப் பிழையல்ல. மாதம் ஏற ஏறக் காலில் கொஞ்சம் வீக்கம் பலருக்கும் வரும். ஆனால் எது வெறும் வீக்கம், எது பிறெசர் வீக்கம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல மாமியாலும் முடியாது, என்னாலும் முடியாது. கையில் பட்டி கட்டி அளந்து பார்க்க வேண்டும், சிறுநீரைச் சோதிக்க வேண்டும். மேல் எண் 140, கீழ் எண் 90. இதில் எது எட்டினாலும் அது விளையாட்டல்ல.

இப்போது ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பருத்தித்துறை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமுனை. அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நெல்லியடி கடந்து, ஆளரவமற்ற வல்லை வெளியைத் தாண்டி முப்பது கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் பக்கத்திலேயே பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அது மந்திகையில் இருப்பதால் சனங்கள் மந்திகை ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். போர்க்காலத்தில் இந்த ஆஸ்பத்திரி பட்ட பாட்டை வடமராட்சியார் நன்கு அறிவார்கள். மின்சாரம் இல்லாத, எரிபொருளுக்குத் தடை இருந்த காலங்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு குடாநாடே தீவாகிப் போனது. மருந்தும் மாவும் கப்பலில் வந்தால்தான் உண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் வந்து அங்கே சத்திரசிகிச்சைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் கைகொடுத்தார்கள். குடும்பநல உத்தியோகத்தர்கள் சைக்கிளில் வீடு வீடாகப் போனார்கள். ஊரடங்குக்கும் ஷெல்லுக்கும் நடுவில் பிள்ளை பெற்ற தாய்மார் இன்றைக்கும் அங்கே பேரன் பேத்திகளோடு இருக்கிறார்கள்.

அந்தக் கஷ்டத்தில் கிடைத்ததை இந்த வசதியில் நாம் கைநழுவ விடலாமா? இதைத்தான் நான் கேட்க வந்தேன்.

நம் நாட்டின் கணக்கைப் பாருங்கள். 1930களில் இலங்கையில் உயிரோடு பிறக்கும் ஒரு இலட்சம் குழந்தைகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் மௌத்தாகிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது பிரசவத்துக்கு ஒரு ஜனாஸா என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்மைக் காலத்தில் அது முப்பதை ஒட்டிய எண்ணிக்கைக்கு இறங்கியிருக்கிறது. பெரும் பணக்கார நாடாகி நாம் இதை அடையவில்லை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. பயிற்சி பெற்ற மருத்துவமாதுகள் கிராமத்துக்குக் கிராமம் நியமிக்கப்பட்டார்கள். கிளினிக்கும் இலவசம், பிரசவமும் இலவசம். ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள், எந்த இடத்தில் தாமதம், யார் கவனிக்கவில்லை என்று ஒவ்வொரு மரணத்தையும் விசாரிக்கும் வழக்கம் 1980களிலிருந்து வலுப்பெற்றது. அந்த விசாரணைகளில் அடிக்கடி அகப்படும் பெயர்கள் இவைதான்: பிரசவத்துக்குப் பின்னான பெரும் இரத்தப்போக்கு, பிறெசர், இருதய வருத்தம், கிருமித்தொற்று. இதில் இருதய வருத்தத்தைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இருதய வால்வு பழுதானது, பிள்ளை வயிற்றில் வந்த பிறகுதான் வெளியே தெரியும். அதனால்தான் முதல் கிளினிக்கில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கிறார். வெட்கப்பட்டு அதைத் தவிர்க்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்துக்கு இதில் ஒரு பழைய பெருமையும் உண்டு. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு, வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பிள்ளைப்பேறு பற்றிய ஆங்கில வைத்திய நூலும் அவர் காலத்தில், 1850களில், தமிழுக்கு வந்துவிட்டது. அவர் சமயம் வேறு, நம் மார்க்கம் வேறு. ஆனால் தாய்க்குத் தேவையான அறிவு அவளுக்கு விளங்கும் பாஷையில் இருக்க வேண்டும் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நினைத்தார் அல்லவா? இன்று நம் கையிலுள்ள கர்ப்பவதிப் பதிவேட்டை நாமே திறந்து வாசிக்காமல் இருப்பது எவ்வளவு வெட்கம்!

அந்தப் பதிவேட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதவிலக்குத் தள்ளிப்போனதும், மூன்று மாதம் முடியட்டும், கண் பட்டுவிடும் என்று மறைத்து வைக்கும் வழக்கம் நம்மிடம் பலமாக இருக்கிறது. ஊருக்குச் சொல்லாதீர்கள், எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். எட்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பதுதான் இங்குள்ள ஏற்பாடு. பிள்ளையின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாவது முதல் சில வாரங்களில். அதற்கு வேண்டிய போலிக் அமிலக் குளிசை அதற்கு முன்பே, கலியாணம் ஆனதுமே தொடங்க வேண்டியது. மூன்று மாதம் மறைத்து வைத்தால் அந்த வாரங்கள் போனது போனதுதான்.

பதிவேட்டில் உங்கள் இரத்த வகை இருக்கும். அது நெகட்டிவ் வகையென்றால், கணவருடையது பொசிட்டிவ் என்றால், அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற ஓர் ஊசி தேவைப்படும். கருக்கலைந்து போனாலும் அந்த ஊசி தேவை. இதைக் கேட்டு வாங்க வேண்டியது நீங்கள். எச்.பி. என்று ஒரு எண் இருக்கும். பதினொன்றுக்குக் கீழே என்றால் இரத்தம் குறைவு. சீனிப் பரிசோதனை முதலில் ஒருமுறை, பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் பிறெசரும் நிறையும் எழுதுவார்கள். வீட்டுக்கு வந்ததும் முந்திய மாதத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் படித்த எவளாலும் இது முடியும். வெளியே எங்கே போனாலும் பதிவேடு கைப்பையில் இருக்கட்டும், ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி. நடுவழியில் மயங்கினாலும் பார்க்கிற டாக்டருக்கு அது உங்கள் வாய்.

இரும்புச்சத்துக் குளிசையை வாங்கி அலுமாரியில் அடுக்கி வைக்கும் சகோதரிகள் பலர். குளிசை குடித்தால் பிள்ளை பெருத்துவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அப்படியில்லை. தாயின் இரத்தம்தான் கூடும். பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போனாலும் தாங்கிக்கொள்ளும் பலம் அதுதான். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தேத்தண்ணியோடு மட்டும் குடிக்காதீர்கள். தேயிலை இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. கல்சியம் குளிசையையும் இதையும் சேர்த்து விழுங்காமல் வேறுவேறு நேரத்தில் குடியுங்கள். தேசிக்காய்த் தண்ணீரோடோ, ஒரு கொய்யாப்பழத்தோடோ குடித்தால் நல்லது. முருங்கையிலை, மீன், பருப்பு, குரக்கன் எல்லாம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. திரிபோசா என்று 1973 முதல் கொடுத்து வரும் சத்துமா தாய்க்கென்று வருவது. அதை உருண்டை பிடித்து வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு, கடைசி உருண்டையைக் கர்ப்பிணிக்கு வைப்பது எந்த நீதி?

இனி நோன்பு. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பில் சலுகை உண்டு என்பது அனஸ் பின் மாலிக் அல்கஃபீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் தெளிவாக வந்திருக்கிறது. திர்மிதீ, அபூதாவூத் முதலிய கிரந்தங்களில் காணலாம். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், தன் உடலுக்குத் தீங்கு வரும் என்று அஞ்சி நோன்பை விட்டவள் பிறகு கழாச் செய்தால் போதும். தனக்கு ஒன்றுமில்லை, பிள்ளைக்குத்தான் பயம் என்று விட்டால் கழாவோடு ஒரு நாளுக்கு ஒரு முத்து தானியம் ஃபித்யாவும் கொடுக்க வேண்டும். ஹனஃபீகளிடம் இரண்டுக்கும் கழா மட்டுமே. வருத்தம் எதுவும் இல்லாத சகோதரி டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நோன்பு பிடிப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பிறெசர் உள்ளவளும், சீனி வருத்தத்துக்கு ஊசி போடுபவளும், எச்.பி. மிகக் குறைந்தவளும் மாமிக்கு முன் வெட்கப்பட்டு நோன்பு பிடிப்பது இபாதத் ஆகாது. மர்யம் (அலை) அவர்களுக்குப் பிரசவ வேதனை வந்தபோது ரப்புல் ஆலமீன் அவர்களுக்குக் கொடுத்தது பேரீச்சம்பழமும் ஓடும் தண்ணீரும், உண்ணு, பருகு, கண்குளிர்ந்திரு என்ற ஏவலும் அல்லவா? சூரா மர்யமை எடுத்து ஓதிப் பாருங்கள். கடிதம் எழுதிய சகோதரிக்கு நோன்பு பற்றிய என் பதிலும் இதுதான்: இந்த வருடம் விடுங்கள், பிறகு கழாச் செய்யலாம், இன்ஷா அல்லாஹ்.

பிரசவத்தில் மௌத்தாகும் பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்ற ஹதீஸைச் சிலர் தவறான இடத்தில் எடுத்து வைக்கிறார்கள். மையித்து வீட்டில் ஆறுதலுக்குச் சொல்ல வேண்டியதை, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் தக்தீர் என்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது ஆண்களின் வியாபாரத்துக்கு மட்டுமா?

ஆண் டாக்டர் என்றால் என்ன செய்வது என்று கேட்போரும் உண்டு. பெண் டாக்டரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள். பிரசவ வார்டில் பெரும்பாலும் உங்களைக் கவனிப்பவர்கள் பெண்களான மருத்துவமாதுகளும் தாதியருமே. சத்திரசிகிச்சை வேண்டி ஆண் டாக்டர்தான் இருக்கிறார் என்றால், அவசியம் வந்த இடத்தில் தடை நீங்கும் என்பது ஃபிக்ஹில் எல்லாரும் அறிந்த சட்டம். ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) போன்ற ஸஹாபிப் பெண்கள் போர்க்களத்தில் காயம்பட்ட ஆண்களுக்கு மருந்து கட்டினார்கள் என்பது புகாரியில் இருக்கிறது. கணவர் கட்டாரில் இருந்து போன் எடுக்கவில்லை, அவர் சொல்லாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று மணித்தியாலக் கணக்கில் காத்திருக்கவும் கூடாது. கணவர் பயணம் போகுமுன்னமே இதைப் பேசி முடித்துவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு யார் கூட வருவது, மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது, எந்த ஓட்டோக்காரர், கையில் எவ்வளவு காசு, இரத்தம் கொடுக்க யார் யார். இதையெல்லாம் ஆறாம் மாதத்திலேயே ஒரு கொப்பியில் எழுதிவிடலாம்.

அதில் ஒரு தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள்: 1990. இது சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் எண். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கும் வந்தது. கட்டணம் கிடையாது. வடபுலத்து முஸ்லிம்களுக்கு இந்த எண்ணைக் கேட்டாலே நெஞ்சு ஒரு கணம் நின்றுதான் ஓடும். 1990 ஒக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டே மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் விரட்டப்பட்டார்கள். அவர்களில் வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் இருந்தார்கள், பச்சை உடம்புக்காரிகளும் இருந்தார்கள். அன்று வண்டியில்லாமல் நடந்தார்கள். இன்று அதே எண்ணை அழுத்தினால் வண்டி வாசலுக்கு வருகிறது. அல்லாஹ்வின் ஏற்பாட்டை என்னவென்று சொல்வது!

செய்தி விஷயத்திலும் நம் சமூகம் பட்டது போதும். 2018இல் அம்பாறையில், முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டுக் குளிசை போடுகிறார்கள் என்ற வதந்தியில் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. வதந்தியால் அடிபட்ட நாமே, தடுப்பூசி போட்டால் பிள்ளை தங்காது, ஸ்கேன் எடுத்தால் பிள்ளைக்குக் குறை வரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை ஆராயாமல் அடுத்தவருக்கு அனுப்பலாமா? செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று சூரா ஹுஜுராத் சொல்வது இதற்கும் பொருந்தும். 2024 டிசம்பரில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில் மர்மக் காய்ச்சல் என்று பெரும் பீதி கிளம்பியது. சிலர் மௌத்தாகியும் விட்டார்கள். பரிசோதித்துப் பார்த்தபோது அது எலிக்காய்ச்சல். மழைவெள்ளம் நின்ற நிலத்தில் பரவுவது, நேரத்தோடு போனால் மருந்துள்ள வருத்தம். மர்மம் என்று பெயர் வைத்ததும் பயம்தான் கூடுகிறது, வைத்தியம் கூடுவதில்லை.

ஐப்பசி மழை தொடங்கித் தை வரைக்கும் குடாநாட்டில் டெங்குவும் சேர்ந்து வரும். முழுகாமல் இருப்பவளுக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் பார்ப்போம் என்பது மற்றவர்களுக்கான கணக்கு. அவள் முதல் நாளே போய்க் காட்ட வேண்டும். பரசிற்றமோலைத் தவிர வேறு காய்ச்சல், நோக் குளிசை எதையும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. சில குளிசைகள் டெங்கு நேரத்தில் இரத்தப்போக்கை உண்டாக்கிவிடும்.

பிள்ளைத் துடிப்பைப் பற்றியும் ஒரு பிழையான கதை உலவுகிறது. மாதம் கிட்டினால் இடமில்லாமல் பிள்ளை அசையாது என்கிறார்கள். அப்படியல்ல. அசைவின் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரிந்தால் இடதுபக்கம் சரிந்து படுத்துக் கவனியுங்கள். அப்போதும் குறைவென்றால் விடியட்டும் என்று இருக்காமல் போய்விடுங்கள். போய், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பி வாருங்கள். வீண் அலைச்சல் என்று யாரும் முகம் சுளித்தாலும் பொருட்படுத்த வேண்டாம். அதேபோல நீர் உடைந்தால் வலி வராவிட்டாலும் போக வேண்டும். இரத்தம் கண்டால், அது ஒரு துளியானாலும், நோவே இல்லாவிட்டாலும் போக வேண்டும். நோவில்லாமல் போகும் இரத்தம்தான் சில வேளை மோசமானது. நச்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

பிள்ளை பிறந்ததும் எல்லாரும் பிள்ளையைச் சுற்றி நின்று பாங்கு சொல்வதிலும் பெயர் தேடுவதிலும் இருப்பார்கள். தாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் 24 மணித்தியாலம்தான் இரத்தப்போக்குக்கு ஆபத்தான நேரம். வீட்டுக்கு வந்த பிறகும் துணி அடிக்கடி நனைந்தால், கட்டி கட்டியாகப் போனால், நாற்றம் வந்தால், காய்ச்சலும் குளிரும் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், மூச்சு முட்டினால், நாற்பது முடியவில்லை, வெளியே இறங்கக் கூடாது என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். நாற்பது நாள் என்பது தொழுகைக்கும் உடலுக்கும் ஓய்வாக வந்தது, ஆஸ்பத்திரிக்குத் தடையாக வந்ததல்ல. பிறெசர் இருந்தவளுக்குப் பிரசவத்துக்குப் பின்னும் வலிப்பு வரலாம் என்பதால் குளிசையை டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை குடிக்க வேண்டும். சரக்குத் தண்ணீர் கொடுங்கள், பத்தியக் கறி கொடுங்கள், அதில் சுகம் உண்டு. ஆனால் தண்ணீரைக் குறைத்து, மீனையும் கீரையையும் விலக்கி, பால் கொடுக்கும் உடம்பைக் காயப்போடாதீர்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது பிள்ளையை மட்டும் காட்டி அனுப்பிவிடாமல் தாயும் முன்னால் வந்து உட்காரட்டும். காரணமில்லாமல் அழுகிறாள், தூக்கமில்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறாள் என்றால் அதையும் சொல்லுங்கள். ஜின் பார்வை என்று தகடு கட்டுவதற்கு முன் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

முதல் பால், சீம்பால், சீனித்தண்ணீர் பற்றிக் கேட்ட மற்றக் கடிதங்களுக்கு இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் எழுதுகிறேன். பருத்தித்துறைச் சகோதரி பிறெசர் எவ்வளவு என்று எண்ணைக் குறித்து எனக்கு மறுகடிதம் போடட்டும். ஆனால் தபாலுக்கு முன் மந்திகைக்குப் போய்விட்டு வரட்டும்.

வஸ்ஸலாம்.